பின்னால் வந்த சின்ன எழுத்து: செரோக்கி 'அ' யூனிகோடில் இரண்டான கதை

இந்த ஆய்வு ஒரே ஒரு எழுத்தைப் பின்தொடர்கிறது. செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியில் 'அ' என்று ஒலிக்கும் எழுத்து அது. பார்வைக்கு ஆங்கில 'டி' போலவே இருக்கும்; அதன் ஒலிக்கும் அந்த ஆங்கில எழுத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுவான எண் தரும் தரம் யூனிகோட். அதில் இந்த எழுத்தின் எண் 5024. (எல்லா எண்களையும் வழக்கமான பதின்ம முறையிலேயே தருகிறேன்.) 1999 முதல் 2015 வரை அது துணையில்லாத எழுத்தாக இருந்தது. 2015-ல் அதற்கு 43888 என்ற எண்ணில் ஒரு சின்ன எழுத்து வந்து சேர்ந்தது. அந்தச் சேர்க்கை எப்படி முடிவானது, அதனால் எங்கெல்லாம் சிக்கல் வந்தது என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். முடிவெடுத்தவர்கள் யார் என்பதை விட எந்தக் கட்டாயத்தில் எடுத்தார்கள் என்பதே நமக்குப் பாடம் என்பதால், பெயர்களை விட்டுவிட்டேன்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை. நம்மில் பலர் அதை ஆங்கில வகுப்பில் வந்த விஷயம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். ஆனால் ஒரு எழுத்து முறைக்கு இந்த வேறுபாடு உண்டா இல்லையா என்ற கேள்விக்கு முதல் தடவை தரும் பதில், பிறகு எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதை விடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

பின்னணி: ஒருவர் ஆக்கிய எழுத்து

செரோக்கி எழுத்துகளை உருவாக்கியவர் செக்வோயா. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். வெள்ளைக்காரர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசுவதைக் கண்டு, தன் மொழிக்கும் அது முடியும் என்று நம்பிப் பல ஆண்டுகள் உழைத்தார். 1821 வாக்கில் வேலை முடிந்தது. ஒவ்வொரு அசைக்கும் ஒரு எழுத்து என்பது அவர் கண்ட வழி. நம் 'க, கி, கு' போல உயிர்க்குறி சேர்த்து எழுதும் முறை அதில் இல்லை. 'க' ஒரு வடிவம் என்றால் 'கி' அதோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு வடிவம். அவர் தந்தவை மொத்தம் 86.

1828 பிப்ரவரி 21 அன்று, இன்றைய ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள நியூ எக்கோட்டாவில் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' செய்தித்தாள் வெளிவந்தது. அதற்கான அச்சு எழுத்துகள் பாஸ்டனில் வார்க்கப்பட்டன. அச்சுக்கு வந்தபோது செக்வோயாவின் கையெழுத்து வடிவங்கள் பெரிதும் மாறின. 86-ல் ஒன்று வழக்கிலிருந்து நழுவியது. அது 'ம' வரிசையில் மூக்கொலி உயிரோடு வரும் அசை. அதன் பிறகு பள்ளிச் சுவர்களிலும் புத்தகங்களிலும் உள்ள அட்டவணைகளில் 85 எழுத்துகள்தான். 'ம' வரிசையில் மட்டும் ஒரு கட்டம் காலியாகவே இருக்கும்.

பத்து ஆண்டுகளில் அந்த மக்களையே ஊரைவிட்டுத் துரத்தினார்கள். 1838-39-ல் ஆயிரக்கணக்கானோர் மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டார்கள். வழியில் பலர் இறந்தார்கள். எழுத்து சாகவில்லை. புதிய இடத்திலும் அச்சகம் வைத்தார்கள். 1860-ல் அமெரிக்க பைபிள் சொசைட்டி நியூயார்க்கில் செரோக்கி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது. நம் ஆய்வுக்கு முக்கியமான சான்று அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதில் எழுத்துகள் இரண்டு அளவுகளில் வருகின்றன. தொடக்க எழுத்து பெரிது, தொடர்ந்து வருபவை சிறியவை. வடிவம் ஒன்றேதான், உயரம் மட்டும் வேறு.

1999: முதல் குறியேற்றம்

கணினிக்கு வந்த புதிதில் செரோக்கியின் நிலை, பாமினி எழுத்துரு காலத்துத் தமிழின் நிலைதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் செரோக்கி வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் புழங்கின. அந்த எழுத்துரு உள்ள கணினியில் செரோக்கி தெரியும், இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். இந்த நிலை மாற யூனிகோடில் இடம் வேண்டும்.

1999 செப்டம்பரில் வந்த யூனிகோட் 3.0 அந்த இடத்தைத் தந்தது. 5024 முதல் 5108 வரை 85 எழுத்துகள். நாம் பின்தொடரும் 'அ' அவற்றில் முதலாவது. எல்லாவற்றுக்கும் 'பிற எழுத்து' என்ற வகை கொடுக்கப்பட்டது. பெரியது சின்னது என்ற பிரிவு இல்லாத எழுத்துகளுக்குத் தரும் வகை அது. தமிழ் 'அ'வுக்கும் அதே வகைதான். அன்றைய புழக்கத்தைப் பார்த்தால் இதில் தவறு சொல்ல முடியாது. வகுப்பறையில், பலகைகளில், தட்டச்சில் செரோக்கி ஒரே அளவில்தான் எழுதப்பட்டது. கண்ணெதிரே இருந்த வழக்கத்தைப் பதிவு செய்தார்கள். நூலகத்தில் இருந்த 1860 புத்தகத்தின் இரண்டு அளவுகள் அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

ஒதுக்கிய இடத்தையும் கவனிக்க வேண்டும். மொத்தம் 96 இருக்கைகள், அவற்றில் 85 நிரம்பின, 11 காலி. முன்பக்கம் எத்தியோப்பிய எழுத்துகளின் துணைத் தொகுதி (அது 2005-ல் வந்தது), பின்பக்கம் கனடாவின் பழங்குடி மொழிகளுக்கான எழுத்துகள். நீட்டிக்கொள்ள வழியில்லை.

அப்புறம் நல்ல காலம் வந்தது. 2003-ல் மேக் கணினிகளில் செரோக்கி எழுத்துரு கூடவே வந்தது. 2010-ல் ஐபோன், 2012-ல் விண்டோஸ் 8, அதே ஆண்டில் ஜிமெயில் என்று வரிசையாக இடம் கிடைத்தது. ஓக்லஹோமாவில் டாலக்வா ஊரில் செரோக்கி வழியிலேயே படிக்கும் பிள்ளைகள் போனில் தங்கள் எழுத்தில் செய்தி அனுப்பினார்கள். செரோக்கி தேசம் என்ற பழங்குடி அரசின் குடிகள் நான்கு லட்சத்துக்கும் மேல். மொழியைச் சரளமாகப் பேசுவோர் இரண்டாயிரம் அளவுதான், அவர்களிலும் பெரும்பாலானவர்கள் முதியவர்கள். அந்தப் பின்னணியில் பார்த்தால் ஒரு சிறுமி தன் பாட்டிக்கு அனுப்பும் ஒரு வரிச் செய்திக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பது புரியும். இந்த எழுத்துருக்கள் எல்லாமே 85 எழுத்துகளையும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு வரைந்திருந்தன. இந்தச் சிறு விவரம் பின்னால் பெரிதாகப் போகிறது.

கவனத்துக்கு வந்த குறை

பழைய அச்சு நூல்களைக் கணினியில் ஏற்ற முயன்றால் இரண்டு இடத்தில் முட்டும். ஒன்று, செக்வோயாவின் 86-ஆவது எழுத்துக்கு எண்ணே இல்லை. இன்று யாரும் அதை எழுதுவதில்லை என்பது உண்மை. ஆனால் அதைப் பற்றிப் பேசும் ஒரு வரலாற்று நூல் கூட அதை எழுத்தாக அச்சிட முடியாது, படமாகத்தான் ஒட்ட முடியும். இரண்டு, 1860 புத்தகத்தின் பெரிய சின்ன வேறுபாட்டை எழுத்தளவில் காப்பாற்ற வழி இல்லை.

2014 தொடக்கத்தில் இதற்கான திருத்திய முன்மொழிவு யூனிகோட் குழுவுக்கும் சர்வதேசத் தரக் குழுவுக்கும் வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் உலகின் சிறுபான்மை எழுத்துகள் பலவற்றுக்கு முன்மொழிவு எழுதிப் பழகியவர். இன்னொருவர் செரோக்கியைத் தாய்மொழியாகக் கொண்ட மொழியியலாளர், அகராதி கண்டவர். இந்தக் கூட்டு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எழுத்தின் சொந்தக்காரர்களில் ஒருவர் மேசையில் இருந்தார்.

86-ஆவது எழுத்து

இதில் சிக்கல் எதுவும் இல்லை. காலியாக இருந்த இருக்கைகளில் முதலாவதான 5109-ல் அது அமர்ந்தது. ஏறக்குறைய இரு நூற்றாண்டுக்குப் பிறகு செக்வோயாவின் பட்டியல் முழுமையானது.

எது பெரியது, எது சின்னது

கடினமான முடிவு இதுதான். நம் 'அ'வை எடுத்துக்கொள்வோம். 5024 ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஒரு சோடி வேண்டும். புதிதாக வருவது பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, எதையும் சேர்க்காமல் விடுவது. அளவு வேறுபாட்டை எழுத்துரு பார்த்துக்கொள்ளும், அது வெறும் அலங்காரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆங்கிலத்திலும் கிரேக்கத்திலும் இதே வேறுபாட்டுக்குத் தனித்தனி எண் கொடுத்துவிட்டு, செரோக்கிக்கு மட்டும் அலங்காரம் என்று சொல்வது நியாயமாக இருக்காது.

இரண்டாவது வழி, இருப்பதைச் சின்ன எழுத்து என்று அறிவித்துப் பெரிய எழுத்துகளைப் புதிதாகச் சேர்ப்பது. கணினியின் உள்விதிகளுக்கு இதுதான் வசதி. ஆனால் அதுவரை எழுதப்பட்ட ஒவ்வொரு செரோக்கி வரியும் ஒரே நாளில் 'சின்ன எழுத்தில் எழுதியது' ஆகிவிடும். பெரிய எழுத்தின் உயரத்துக்கு வரைந்த எல்லா எழுத்துருக்களையும் சுருக்கி வரைய வேண்டும். புதிய எழுத்துருவில் பழைய கடிதங்களும் பாடப்புத்தகங்களும் சிறுத்துப்போய்த் தெரியும்.

மூன்றாவது வழி, இருப்பதைப் பெரிய எழுத்து என்று ஏற்றுக்கொண்டு சின்ன எழுத்துகளைச் சேர்ப்பது. மக்கள் கண்ணுக்குப் பழகிய தோற்றம் அப்படியே இருக்கும். இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

86 சின்ன எழுத்துகளுக்கு இடம் வேண்டும், பழைய தொகுதியிலோ பத்து இருக்கைகள்தான் மிச்சம். ஆகவே முதல் 80 எழுத்துகளின் சோடிகளை வெகுதூரத்தில் 43888 முதல் 43967 வரை வைத்தார்கள். கடைசி ஆறு எழுத்துகளின் சோடிகளுக்குப் பழைய தொகுதியிலேயே 5112 முதல் 5117 வரை இடம் கொடுத்தார்கள். நம் 'அ'வுக்கும் அதன் சோடிக்கும் இடைவெளி 38,864. கடைசி ஆறுக்கு இடைவெளி வெறும் எட்டு. 1999-ல் இன்னொரு 80 இருக்கை ஒதுக்கியிருந்தால் இந்தப் பிரிவினை வந்திருக்காது.

பழைய எழுத்துகளின் வகை 'பிற எழுத்து' என்பதிலிருந்து 'பெரிய எழுத்து' என்று மாறியது. ஆனால் பெயர் மாறவில்லை. யூனிகோடில் எழுத்தின் பெயரை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். நம் ஆய்த எழுத்துக்கு 'தமிழ் விசர்க்கக் குறி' என்று வைத்த பெயர் இன்றும் நீங்காமல் இருப்பது இந்த விதியால்தான். செரோக்கியிலும் சின்ன 'அ'வின் பெயரில் 'சின்ன' என்று இருக்கிறது, பெரிய 'அ'வின் பெயரில் 'பெரிய' என்று இல்லை.

வாக்குறுதியின் விலை

மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பழைய வாக்குறுதி குறுக்கே நின்றது. ஆங்கிலத்தில் ஒரு பெயரை எப்படித் தட்டினாலும் தேடல் ஒரே விடையைத் தருகிறது அல்லவா? அதற்காகக் கணினி இரண்டையும் ஒரு பொது வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுகிறது. இதை ஒப்பீட்டு வடிவம் என்று இங்கே அழைக்கிறேன். ஆங்கிலம், கிரேக்கம், ரஷ்யன், அர்மீனியன் எல்லாவற்றிலும் அந்தப் பொது வடிவம் சின்ன எழுத்துதான்.

யூனிகோட் 5.0 முதல் ஒரு உறுதிமொழி இருக்கிறது. ஏற்கெனவே உள்ள எழுத்துகளால் ஆன ஒரு தொடரின் ஒப்பீட்டு வடிவம் பிந்தைய பதிப்புகளில் மாறாது. கோப்புப் பெயர், பயனர் பெயர், இணைய முகவரி எல்லாம் இதை நம்பித்தான் சேமிக்கப்படுகின்றன. நாளை புதிய பதிப்பு வந்தால் நேற்றைய பெயர் காணாமல் போகக்கூடாது.

சரி, 5024-இன் ஒப்பீட்டு வடிவம் என்ன? சோடி இல்லாத காலத்தில் அது தானேதான்: 5024. உறுதிமொழிப்படி இனியும் அதுவாகவே இருக்க வேண்டும். அப்படியானால் மாற வேண்டியது புதிதாக வந்த 43888. அது பெரிய எழுத்தான 5024 ஆக மாறும். இப்படியாக, ஒப்பிடும்போது சின்ன எழுத்து பெரிய எழுத்தாக மாறும் ஒரே எழுத்து முறை செரோக்கி ஆனது. 2015 ஜூனில் யூனிகோட் 8.0 இதை அப்படியே வெளியிட்டது.

இது ஒட்டுவேலை மாதிரித் தெரியும். ஆனால் இணைய முகவரி விதிகளைப் பார்த்தால் இதன் அருமை புரியும். அங்கே ஒப்பீட்டு வடிவத்தில் மாறாமல் நிற்கும் எழுத்துகளுக்குத்தான் அனுமதி. வழக்கப்படி சின்ன எழுத்தைப் பொது வடிவமாக்கியிருந்தால், அதுவரை செல்லுபடியாகும் பழைய செரோக்கி எழுத்துகள் 85-ம் ஒரே நாளில் தகுதி இழந்திருக்கும். தலைகீழ் விதியால் அவை தப்பித்தன. முகவரியில் வர முடியாதவை புதிய சின்ன எழுத்துகள்தான். அவற்றை நம்பி யாரும் எதையும் சேமித்திருக்கவில்லை.

பின்விளைவுகள்

வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. ஆனால் உலகத்தில் ஓடும் நிரல்கள் எல்லாம் ஒப்பீட்டு வடிவத்தை முறையாகக் கேட்பதில்லை. பெரும்பாலான நிரலாளர்கள் 'சின்ன எழுத்தாக்கு' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு அதையே ஒப்பீட்டுக்கும் பயன்படுத்துவார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பதால் பழகிவிட்டது. அந்தக் கட்டளைக்கு எந்த வாக்குறுதியும் கிடையாது.

பைத்தான் என்ற நிரல் மொழியில் இதை நேராகவே பார்க்கலாம். 3.4 பதிப்பில் 5024-ஐச் சின்ன எழுத்தாக்கினால் 5024 தான் திரும்ப வரும். யூனிகோட் 8.0-ஐ ஏற்ற 3.5 பதிப்பில் அதே கட்டளை 43888 தரும். ஒரு பள்ளியின் பெயர்ப்பட்டியலை 3.4-ல் இப்படிச் சேமித்துவிட்டு 3.5-க்கு மாறினால் என்ன ஆகும்? சேமித்திருப்பது 5024, தேடுவது 43888. பெயர் இருக்கிறது, ஆனால் கிடைக்காது. பட்டியலை மறுபடி முழுவதும் கட்டினால்தான் சரியாகும். ஒப்பீட்டு வடிவத்தைக் கேட்கும் சரியான கட்டளையைப் பயன்படுத்தியவருக்கு இரண்டு பதிப்பிலும் 5024 தான் வரும், எந்தத் தொல்லையும் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் கோளாறு இன்னொன்று. சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி மற்றவற்றைச் சின்னதாக்கும் வசதி பல மென்பொருள்களில் தானாகவே நடக்கும். செரோக்கிப் பெயருக்கு அது நடந்தால், முதல் எழுத்து ஒழுங்காக நிற்கும், மீதி எல்லாம் புதிய எண்களுக்குப் போய்விடும். 2015-க்கு முன் செய்த எழுத்துருவில் அந்த எண்களுக்கு வடிவமே இல்லை. வேறு எழுத்துரு கைகொடுக்காவிட்டால் திரையில் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். எழுதியவர் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, பெயர் மட்டும் கட்டங்களாகிவிட்டது. சிறுபான்மை மொழிக்காரர்கள் இதைப் புகாராகச் சொல்லக் கூட ஆளில்லாமல், 'நம் மொழி கணினியில் சரியாக வராது' என்று ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். பாமினி காலத்தில் நம்மவர்களும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

நன்மையும் உண்டு. இரண்டு அளவு கொண்ட புதிய எழுத்துருக்கள் வந்தன. 1860 புத்தகத்தை அதன் அளவு வேறுபாடு கெடாமல் இன்று தட்டச்சு செய்ய முடிகிறது. அன்றாட எழுத்தில் பெரும்பாலானவர்கள் இன்னும் பழைய 85 எழுத்துகளை ஒரே அளவில்தான் எழுதுகிறார்கள். அவர்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்ததன் நேரடிப் பலன் இது. இரண்டாவது வழியில் போயிருந்தால் அந்தச் சுமை முழுவதும் அவர்கள் தலையில் விழுந்திருக்கும். இப்போது அது நிரலாளர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அது விழ வேண்டிய இடமும் அதுதான்.

மறுபடி செய்வதானால்

முதலில் மாற வேண்டியது 1999-ன் ஆய்வு முறை. ஒரு எழுத்து முறைக்கு முதல் தடவை எண் கொடுக்கும்போது இன்றைய அட்டவணையோடு நிற்காமல், அந்த மொழியில் கிடைக்கும் பழைய அச்சு நூல்கள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். 1860 புத்தகத்தின் சில பக்கங்கள் அன்று மேசையில் இருந்திருந்தால் இரண்டு அளவுகளும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும். தலைகீழ் விதிக்குத் தேவையே வந்திருக்காது.

வரிசையும் மாற வேண்டும். எழுத்துருக்கள் முதலில் மக்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், பெரிது சின்னதாக மாற்றும் விதி பிறகு வர வேண்டும். புதிய எழுத்துகளும் அந்த விதியும் ஒரே பதிப்பில் வந்ததால்தான் கட்டங்கள் தெரிந்தன. 2018-ல் ஜார்ஜிய மொழிக்கு யூனிகோட் 11-ல் இதே போன்ற சோடிகள் சேர்க்கப்பட்டன. அங்கே இருந்ததைச் சின்ன எழுத்தாக வைத்துப் பெரிய எழுத்துகளைச் சேர்த்ததால் ஒப்பீட்டு விதி வழக்கம் போலவே இருந்தது. ஆனால் 'பெரிய எழுத்தாக்கு' என்று சொன்னால் எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் தெரியும் ஆபத்து அங்கேயும் இருந்தது.

நிரல் எழுதுபவர்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பெயர்களைச் சேமித்துத் தேடும் எந்த நிரலுக்கும், செரோக்கி 'அ'வை ஒரு சோதனைப் பெயராகக் கொடுத்துப் பாருங்கள். 5024-ஐக் கொடுத்துச் சேமியுங்கள், 43888-ஐக் கொடுத்துத் தேடுங்கள். கிடைக்க வேண்டும். அடுத்து, உள்ளே சேமிக்கப்பட்ட எண் எது என்று பாருங்கள். 43888 என்று இருந்தால் அந்த நிரல் தவறான கட்டளையை நம்பியிருக்கிறது.